கண்டிச் சீமையும் நெல்லைச் சீமையும்: ஐந்து நாள் பயணக் குறிப்பு

முதல் நாள்: தட்டப்பாறை

பங்குனி உத்திரத்துக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. நெல்லைச் சீமையில் பிறந்து வெளியூரில் பிழைக்கிறவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் உத்திரத்தன்று தங்கள் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். ஆண்டுதோறும் அப்படி வருகிற நான் இந்த முறை சில நாள் முன்னதாகவே புறப்பட்டதற்குக் காரணம், எங்கள் வீட்டில் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிற ஒருவர். என் பூட்டனின் தம்பி அவர். அவரைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் 'கண்டிச் சீமைக்குப் போனாரு' என்பதற்கு மேல் யாரும் சொன்னதில்லை. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பகுதியைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள். எந்தத் தோட்டம், பிள்ளைகள் உண்டா, அவர்கள் என்ன ஆனார்கள் என்பதை எங்கள் வீட்டில் யாரும் தேடியதுமில்லை.

மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற பாதையில் தட்டப்பாறை சிறிய நிலையம். இருபுறமும் கரிசலும் உடை மரங்களும். தலைமன்னாருக்கு 1914இல் படகுச் சேவை தொடங்குவதற்கு முன்பு, இந்தப் பக்கத்து ஆட்கள் தூத்துக்குடியில் கப்பலேறித்தான் கொழும்புக்குப் போனார்கள். அவர்களை நிறுத்தி, உடம்பைச் சோதித்து, கணக்கெடுத்து அனுப்பிய முகாம் ஒன்று தட்டப்பாறையில் இருந்தது. இன்று அதைக் காட்டக்கூடியவர் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. நிலையத்துக்கு வெளியே டீக்கடை வைத்திருந்த பெரியவர், "சிலோன் டிப்போன்னு எங்கய்யா சொல்லுவாரு, எடம் தெரியாது தம்பி" என்று சொல்லிவிட்டு, நான் ஏன் கேட்கிறேன் என்பதை மட்டும் நெடுநேரம் விசாரித்தார்.

ஆட்களைத் திரட்டியவர் கங்காணி. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் 1876–78 பஞ்சத்தில் மானாவாரி நிலம் முழுக்கப் பொய்த்தபோது, நிலமில்லாத சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளப்பிக்கொண்டு போனார்கள். வழிச்செலவு முழுவதும் போகிறவர் தலையில் கடனாக ஏறியது. பிற்காலத்தில் ஒவ்வோர் ஆளின் கழுத்திலும் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த ஒரு தகர வில்லையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் பெயர் கேட்கத் தேவையில்லாமல், வில்லையைப் பார்த்தே எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது, வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்று தீர்மானித்தார்கள். என் பூட்டனின் தம்பி கழுத்திலும் அப்படி ஒன்று தொங்கியிருக்கலாம் என்ற நினைப்போடு அடுத்த ரயில் வரும்வரை நடைமேடையில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள்: பாளையங்கோட்டை

தூத்துக்குடியில் அரை நாள்தான் இருந்தேன். வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் ஓடியதும் இதே தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில்தான் என்பதைத் துறைமுகத்தின் பக்கம் நின்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கப்பலைப் பாடமாகப் படித்து வளர்ந்த எனக்கு, அந்தக் கடலைத் தாண்டிப் போனவர்களைப் பற்றி எந்த வகுப்பிலும் ஒரு வரி சொல்லித்தரப்படவில்லை.

பிற்பகலில் பாளையங்கோட்டைக்குத் தெற்கே, 'சிலோன் காலனி' என்று ஊரார் அழைக்கும் ஒரு தெருவுக்குப் போனேன். ஓர் அண்ணாச்சி தம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். 1972இல், பதினெட்டு வயதில், தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர். ஒரு நூற்பாலையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். அதற்குள் அப்பாவின் இந்தியக் கடவுச்சீட்டு. அதில் ஒட்டியிருந்த குடும்பப் படத்தில் அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள். அம்மாவின் மடியிலிருந்த குழந்தை படம் எடுக்கும்போது அசைந்துவிட்டதால் அதன் முகம் வெறும் வெள்ளைத் தீற்றலாக இருந்தது. படத்தின் ஓரத்தைத் தொட்டுக்காட்டி, "இங்க எங்க அக்கா நின்னிருக்கணும் தம்பி. கல்யாணமாகி வேற தோட்டத்துக்குப் போயிட்டா. அவ மாப்பிள்ளை வீட்டுல இலங்கைக்கு எழுதிப் போட்டாங்க, எங்கய்யா இந்தியாவுக்குப் போட்டாரு. அதோட சரி" என்றார். அந்த அக்காவை அவர் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

இந்த 'எழுதிப் போடுதல்' என்ன என்று இளைய வாசகர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இலங்கை விடுதலை பெற்ற ஆண்டான 1948இலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு பிரஜாவுரிமைச் சட்டத்தை இயற்றியது. அந்த மண்ணிலேயே பிறந்திருந்தாலும், தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததை நிரூபித்தால்தான் பிரஜை என்றது அந்தச் சட்டம். பிறப்பைப் பதிவு செய்யாத லயத்து அறைகளில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்தவர்களால் எதைக் காட்ட முடியும்? ஏறத்தாழ 7,00,000 பேர் நாடற்றவர்களானார்கள். 1949இல் வந்த இன்னொரு சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன்பு தொடர்ந்து 10 ஆண்டுகள், மணமானவரென்றால் 7 ஆண்டுகள், அங்கே வசித்ததைக் காட்டினால் பதிவுசெய்துகொள்ளலாம் என்றது. 8,00,000க்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்தாம். அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றார்கள். 1947 தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமானையும் சி.வி. வேலுப்பிள்ளையையும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்டங்கள், அடுத்த தேர்தலில் வாக்கில்லாமல் நின்றன. 1952இல் கொழும்பில் சத்தியாகிரகம் இருந்தார்கள். அதற்கும் பலன் கிட்டவில்லை.

பிறகு 1964 அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று எடுத்துக்கொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தார்கள். அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப் பிரிவினையில்கூடப் பங்காளிகளை உட்காரவைத்துப் பேசுவது நம் ஊர் வழக்கம். ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பிரித்தபோது அவர்களில் எவரையும் எவரும் உட்காரவைத்துக் கேட்கவில்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதற்குப் பின் நடந்ததுதான். எந்த நாடு வேண்டும் என்று விண்ணப்பம் வாங்கியபோது, இந்தியாவுக்கென்று ஒதுக்கிய எண்ணிக்கையை நிரப்பும் அளவுக்கு ஆட்கள் எழுதிப் போடவில்லை; இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்களோ, ஒதுக்கிய 3,00,000ஐப் போல இரு மடங்குக்கும் மேல் இருந்தார்கள். அந்த மக்கள் வாக்கெடுப்பு நடத்தச் சொல்லிக் கேட்டிருக்கவில்லை என்றாலும், அந்த விண்ணப்பங்களே ஒரு வாக்கெடுப்புதான். அதன் முடிவை இரு அரசுகளும் ஏற்கவில்லை.

மூன்றாம் நாள்: முகாம்

இன்று போன இடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் பிசான அறுவடை முடிந்து வைக்கோல் காய்ந்துகொண்டிருக்கும் வயல்களைத் தாண்டி, சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் முகாம். 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை மாற்றி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று ஆக்கியது. பழைய வீடுகளுக்குப் பதிலாக 7,469 புதிய வீடுகள் கட்டும் திட்டத்தையும் அறிவித்தது. இங்கே ஒரு வரிசை புதியதாகவும் மறு வரிசை பத்துக்குப் பத்து அடிப் பழைய அறைகளாகவும் நிற்கின்றன.

எண்பதை நெருங்கும் அந்த அம்மாவை நான் எங்கள் ஊர் வழக்கப்படி 'ஆச்சி' என்றேன். பேத்தி அவரை 'அப்பாயி' என்று கூப்பிட்டாள். அவருடைய உச்சியில் முன்நெற்றிக்குச் சற்று மேலே, முடி முளைக்காத வழுவழுப்பான ஒரு தடம் காதுக்குக் காது ஓடுகிறது. இலங்கையில் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையின் கயிறு இருபது ஆண்டுகளாகப் பதிந்து கிடந்த இடம். எண்ணெய் தேய்க்கும்போது அந்த இடத்தில் மட்டும் உணர்வே இல்லை என்று விரலை வைத்துக் காட்டினார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து மலையேறினால், சொன்ன எடைக்குக் கொழுந்து வந்தால்தான் முழுப் பெயர். குறைந்தால் அரைப் பெயர். அன்றைய கூலிக்குப் 'பெயர்' என்றுதான் தோட்டத்தில் சொல்வார்கள்.

இவருடைய மாமனார் இந்தியாவுக்கு எழுதிப் போட்டவர். கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்திலிருந்து கடிதம் வரும் என்று காத்திருந்த காலத்தில்தான் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1973–74 பஞ்சமும் வந்தது. மாமனாரும் கைக்குழந்தை ஒன்றும் அதில் போய்ச் சேர்ந்தார்கள். 1977 கலவரத்தில் லயத்தைக் கொளுத்தியபோது, தமிழர் இருக்கும் பக்கம் போனால் உயிராவது தங்கும் என்று வவுனியாப் பக்கம் காட்டை வெட்டிக் குடியேறினார்கள். 1984க்குப் பிறகு தலைமன்னார்க் கப்பலும் நின்றது; அவர்கள் வரவேண்டியிருந்த வழி அதோடு அடைபட்டது. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது, இரவில் படகேறி ராமேஸ்வரம் வந்தார்கள். மண்டபம் முகாமில் அவர்கள் பெயரை அகதி என்று பதிந்தார்கள். கப்பலில் வந்திருந்தால் 'தாயகம் திரும்பியோர்'. படகில் வந்ததால் சட்டத்தின் பார்வையில் உரிய ஆவணமின்றி நுழைந்தவர். இரண்டாம் நாள் நான் பார்த்த அண்ணாச்சிக்கும் இந்த ஆச்சிக்கும் இருக்கிற வேறுபாடு அவ்வளவே.

பேத்தி 1996இல் நெல்லையில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், வணிகவியல் பட்டம் எல்லாவற்றையும் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாயில் வரிசையாகப் பரப்பினாள். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன்பு இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்த விதியைக் காட்டி வழக்காடி, 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் கடவுச்சீட்டுக்கு உத்தரவு பெற்று, 2024 தேர்தலில் வாக்களித்தார். "அந்த அக்கா ஓட்டுப் போட்ட படத்த போன்ல வச்சிருக்கேன் அண்ணா. நான் பத்து வருசம் பிந்திப் பொறந்துட்டேன்" என்றாள். வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போனபோது, ஓர் அலுவலகத்தில் 'நாடு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவள் கேட்டதற்கு, காலியாக விடு என்றார்களாம். காலியாக விட்டதற்காகவே அந்த விண்ணப்பம் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் நான் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். "ஆச்சி, உங்களுக்கு எந்த ஊர் வேணும்?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. முகாம் வாசலில் நின்றால் மேற்கே பொதிகையின் தொடர் நீலமாகத் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே, அங்கேயும் மேலே கொழுந்து உண்டு என்று சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டார். மாஞ்சோலையில் தேயிலைத் தோட்டம் இருந்தது, 2024இல் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்றேன். தலையசைத்தார். பிறகு, "எனக்கு மஸ்கெலியா தம்பி. இவளுக்கு இதுதான். எங்க ரெண்டு பேரயும் ஒரே கட்டத்துல எழுத முடியாது" என்றார்.

நான்காம் நாள்: கொக்கிரகுளம்

இன்று பகல் முழுவதும் ஆச்சியின் பேத்தியோடும் அவளுக்கு உதவுகிற ஒரு வழக்கறிஞரோடும் நெல்லையில் தாமிரபரணிக் கரையை ஒட்டிய அரசு அலுவலகங்களில் கழிந்தது. நடந்த காரியம் ஒன்றுமில்லை. பாலத்தைக் கடக்கும்போது வழக்கறிஞர் ஆற்றைக் காட்டினார். மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்களில் 17 பேர் 1999 ஜூலை 23 அன்று போலீஸ் தடியடியின்போது செத்தது இங்கேதான். தேயிலைக்காரர்களுக்கு ஆற்றுக்கு இந்தக் கரையும் கடலுக்கு அந்தக் கரையும் ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன. 1977 மே மாதம், தோட்டக் காணியை எடுத்துக்கொள்ள வந்ததை எதிர்த்து நின்றபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார்; இலங்கையின் மலையகத்தில் அவர் பெயரை இன்றும் சொல்கிறார்கள்.

வழக்கறிஞர் 2019 ஜூன் தீர்ப்பு ஒன்றின் நகலைக் கொடுத்தார். முகாம்களில் இருக்கும் இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேர் தொடுத்த வழக்கு அது. இவர்களை வெறும் சட்டவிரோதக் குடியேறிகளாகப் பார்க்க முடியாது, இவர்களின் வேர் இந்த மண்ணில் இருக்கிறது என்ற கருத்தோடு, கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி மதுரைக் கிளை சொன்னது. அதே 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தத்தில் மூன்று அண்டை நாடுகளின் பெயர் வந்தது. இலங்கையின் பெயர் வரவில்லை.

இரவு விடுதியில் வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தன்னுரிமை, சுயநிர்ணயம் என்றவுடன் நமக்குக் கொடியும் எல்லைக்கோடும்தான் நினைவுக்கு வருகின்றன. 1985இல் பூட்டானின் திம்புவில் இலங்கை அரசோடு நடந்த பேச்சில் ஈழத் தமிழர் தரப்பு வைத்த நான்கு கோட்பாடுகளில் தேசிய இனம், தாயகம், சுயநிர்ணய உரிமை என்ற மூன்றையும் பலர் ஒப்பிப்பார்கள். இலங்கையைத் தம் நாடாகக் கருதும் எல்லாத் தமிழருக்கும் முழுப் பிரஜாவுரிமை வேண்டும் என்ற நான்காவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். 'நாடாகக் கருதும்' என்ற அந்தச் சொல்லை நான் இன்று பலமுறை படித்தேன். பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்காமல், நீ எதை உன் நாடாகக் கருதுகிறாய் என்று அது கேட்கிறது. மலையகத் தலைமை தனிநாட்டுக் கோரிக்கையிலிருந்து விலகியே நின்றது. தனிநாடு கோரிய 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தோடு தொண்டமான் உடன்படவில்லை. அதைச் சிலர் இன்றும் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மலைநாட்டில் நாற்புறமும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே லயங்களில் வாழ்கிற ஒரு மக்கள், தங்களுக்கு எது பொருந்தும் என்பதைத் தாங்களே முடிவுசெய்வதும் சுயநிர்ணயத்தில் சேர்ந்ததுதான்.

அவர்கள் போராடி, 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வழியே அங்கே பிரஜாவுரிமையை ஒருவாறு மீட்டுக்கொண்டார்கள். 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 8,40,000 பேர் 'இந்தியத் தமிழர்' என்ற பிரிவில் பதிவானார்கள். அந்தப் பெயர் வேண்டாம், நாங்கள் மலையகத் தமிழர் என்று இப்போது கேட்கிறார்கள். 2023இல், முன்னோர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, அந்த முன்னோர் நடந்துபோன பழைய காட்டுவழியை ஒட்டியே நடந்தார்கள். வீட்டுக்கும் வயலுக்கும் சொந்தக் காணி கேட்டு நடந்த அந்த நடையில், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பு என்று கேட்டவர் எவருமில்லை. இங்கே இந்தப் பெண் கேட்பது இந்தியக் குடியுரிமை. இரண்டும் முரண் என்று ஒரு நண்பர் தொலைபேசியில் வாதாடினார். எனக்கு இரண்டும் ஒரே கோரிக்கையாகத்தான் படுகிறது: எங்களைக் கேட்டு எழுதுங்கள் என்பது.

ஐந்தாம் நாள்: உத்திரம்

சேரன்மகாதேவிக்குத் தெற்கே ஒரு குளத்தங்கரை. எங்கள் சாஸ்தாவுக்கு விடியற்காலையிலேயே பொங்கலிட்டு முடித்துவிட்டு, ஆச்சியும் பேத்தியும் வருவதாகச் சொன்ன கோயிலுக்குப் போனேன். முகாமில் சொல்லிவிட்டு, மாலைப் பதிவுக்குள் திரும்புவதாக அவர்கள் வந்திருந்தார்கள்.

இந்தக் கோயிலை அவர்கள் கண்டுபிடிக்க ஆறு உத்திரம் ஆனதாம். மாமனார் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் கல் நட்டு, ஊரிலிருந்து கேட்டுவந்தபடியே வரிசை மாறாமல் பூசை செய்தவர். சாஸ்தாவுக்கு இடப்புறம் பேச்சி, அடுத்துத் தளவாய் மாடன், தனியே தெற்கே பார்த்துச் சுடலை. கோயில் குளத்தைப் பார்த்திருக்கும், பக்கத்தில் மருத மரம். ஊர்ப் பெயர் மறந்துபோய், இந்த வரிசை மட்டும் ஆச்சியின் நினைவில் இருந்தது. உத்திரத்துக்கு உத்திரம் ஒவ்வொரு குளத்தங்கரையாகப் பார்த்துவந்து, சென்ற ஆண்டு இங்கே பீடங்களின் வரிசையைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். பங்காளிகள் கூடிப் பேசினார்கள். கண்டிச் சீமைக்குப் போன ஒரு தலைக்கட்டு உண்டு என்று அங்கேயும் ஒரு கிழவருக்கு நினைவிருந்தது. நூறு ஆண்டுக்கு முந்தைய வரிபாக்கியைப் பற்றி யாரும் பேசவில்லை.

மருத மர நிழலில் ஒரு மேசை போட்டு, நீளமான கணக்கு நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு பெரியவர் தலைக்கட்டு வரி வாங்கிக்கொண்டிருந்தார். பேத்தி முந்தானை முடிச்சிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினாள். அவர் எண்ணிப் பெட்டியில் போட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இறந்துபோன அவள் தகப்பன் பெயரைக் கேட்டு எழுதினார். அடுத்து ஆச்சியின் பெயரைக் கேட்டு அதற்குக் கீழே எழுதினார். அப்புறம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆச்சியைப் பார்த்தார்.

"எந்த ஊருன்னு போடட்டும் ஆச்சி?"

பேத்தி முகாமின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டு அப்பாயியைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பேசாமல் நின்றார்கள். பெரியவர் பேனாவை இறக்கவே இல்லை.

"மஸ்கெலியா" என்றார் ஆச்சி.

"அது எப்படி எழுதணும்? சொல்லு தாயி" என்று பெரியவர் பேத்தியிடம் கேட்டார். அவள் நோட்டின் மேல் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.